இடையன்குடிக்கு நடந்து வந்த கால்டுவெல் ஐயர்



சென்னைக்குப் போய்விட்டு மெரினா பக்கம் எட்டிப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் நம் குடியிருப்பில் குறைவு. கடற்கரைச் சாலை நெடுக நிற்கும் சிலைகளில் பாரதியாரையும் கண்ணகியையும் எல்லோருக்கும் தெரியும். திருவள்ளுவரைக் குழந்தைகளே காட்டிவிடுவார்கள். அதே வரிசையில் பாதிரியார் அங்கியோடு சில வெளிநாட்டவர்களும் நிற்கிறார்கள். வீரமாமுனிவர், ஜி.யு.போப், கால்டுவெல். வீரமாமுனிவருக்குப் பாடப்புத்தகத்தில் தேம்பாவணி இருக்கிறது, போப்புக்குத் திருவாசகம் இருக்கிறது. கால்டுவெல் என்ன செய்தார் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வோம்: திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினார். பள்ளித் தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்ப அது போதும். அவர் வாழ்க்கை அந்த ஒரு வரியைவிட மிகப் பெரியது. கொஞ்சம் சிக்கலானதும் கூட.

ராபர்ட் கால்டுவெல் 1814 மே 7 அன்று அயர்லாந்தில் ஆண்ட்ரிம் மாவட்டத்தில் கிளாடி என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், வசதியில்லாதவர்கள். பையனுக்குச் சுமார் பத்து வயதானபோது குடும்பம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கே திரும்பிவிட்டது. ஒழுங்கான பள்ளிப்படிப்பு அவருக்கு அதிகம் வாய்க்கவில்லை. கையில் கிடைத்த புத்தகங்களைத் தானே படித்து வளர்ந்தார். பதினைந்து வயதை ஒட்டி ஓவியம் கற்கவென்று டப்ளினுக்குப் போனார். ஓவியராக வாழ்க்கை நடத்துவது என்பதுதான் அப்போதைய திட்டம். அங்கே இருந்த காலத்தில் மனம் சமயத்தின் பக்கம் திரும்பியது. தூரிகையை வைத்துவிட்டு ஊழியத்துக்குப் போவதென்று முடிவெடுத்து ஊர் திரும்பினார். ஆனால் படித்த ஓவியம் வீண்போகவில்லை. பல ஆண்டுகள் கழித்து, செம்மண் காட்டின் நடுவே ஒரு கோவில் கட்டும்போது அது உதவிக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

லண்டன் மிஷனரி சங்கம் அவரைத் தேர்ந்தெடுத்து கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படிக்க வைத்தது. அங்கே கிரேக்கம் கற்பித்த டேனியல் சாண்ட்போர்டு என்ற பேராசிரியர்தான் மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை ஊட்டியவர். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் அது புத்தம் புதிய கலை. சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று கண்டுபிடித்துப் பண்டிதர்கள் பரபரப்பாக இருந்த நேரம். அந்த விதை மாணவர் மனதில் விழுந்துவிட்டது.

1837இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு மேரி ஆன் என்ற பாய்மரக் கப்பலில் ஏறினார். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம், ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வரவேண்டும். பயணம் மாதக்கணக்கில் நீண்டது. அதே கப்பலில் வந்தவர் சார்லஸ் பிலிப் பிரவுன். தெலுங்குக்கு அகராதி செய்தவர், வேமனாவின் பாடல்களைத் தேடிப் பதிப்பித்தவர் என்று ஆந்திரத்தில் இன்றும் கொண்டாடப்படுகிறவர். மேல்தளத்தில் வேறு வேலையில்லாமல் காற்று வாங்கிய பொழுதுகளில் இந்த இளைஞருக்குத் தெலுங்கும் சமஸ்கிருதமும் அறிமுகமானது அவரால்தான். 1838 ஜனவரி 8 அன்று கப்பல் சென்னையை அடைந்தது. அப்போது கால்டுவெல்லுக்கு 23 வயது.

சென்னையில் மூன்றரை ஆண்டுக் காலம் இருந்தார். தமிழ் கற்றார். அதைப் பேசுவதோடு நிறுத்தாமல் இலக்கண நூல்களுக்குள் இறங்கினார். இந்த இடைவெளியில் அவர் மனதில் ஒரு மாற்றம் நடந்தது. தான் வளர்ந்த சபைப் பிரிவை விட்டு இங்கிலாந்து திருச்சபையில், அதாவது ஆங்கிலிகன் சபையில் சேர்ந்தார். நம் பக்கத்து நண்பர்களுக்கு இந்தப் பிரிவுகள் குழப்பமாக இருக்கலாம். நம் திண்டிவனத்தில் பள்ளியும் சபையும் அமைத்தவர்கள் அமெரிக்க ஆற்காடு மிஷன்காரர்கள். அவர்கள் வழி வேறு, ஆங்கிலிகன் வழி வேறு. இங்கிலாந்து அரசரையே தலைவராகக் கொண்டது ஆங்கிலிகன் சபை. 1947இல் இந்தப் பிரிவுகளில் பல ஒன்று சேர்ந்துதான் தென்னிந்தியத் திருச்சபை, நாம் சி.எஸ்.ஐ. என்று சொல்வது, உருவானது. கால்டுவெல் சேர்ந்த ஆங்கிலிகன் சங்கத்துக்கு எஸ்.பி.ஜி. என்று பெயர். அவர்கள் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் ஒரு காலி இடத்தைக் காட்டினார்கள். ஊர் இடையன்குடி.

வங்கியில் எங்களுக்கு மாறுதல் உத்தரவு வந்தால் முதலில் பார்ப்பது ரயில் போகிறதா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்பதைத்தான். இவர் சென்னையிலிருந்து நடந்தே கிளம்பினார். பல்லக்கு வைத்துக்கொள்ளலாம், மாட்டு வண்டி பிடிக்கலாம், வெள்ளைக்காரருக்கு எல்லா வசதியும் கிடைத்த காலம் அது. நடந்தால்தான் மக்களைப் பார்க்கலாம், அவர்கள் பேசுவதைக் கேட்கலாம் என்பது அவர் கணக்கு. 1841இல் சிதம்பரம், தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று சோழநாட்டைக் காலால் அளந்து, அங்கிருந்து மேற்கே திரும்பி நீலகிரி ஏறினார். ஊட்டியில் அப்போது சென்னைப் பேராயர் ஸ்பென்சர் தங்கியிருந்தார். 1841 செப்டம்பர் 19 அன்று அவர் கையால் குருப்பட்டத்தின் முதல் நிலையைப் பெற்றார். பிறகு மலையிறங்கி, கோவை, மதுரை வழியாகத் தெற்கே நடந்து ஆண்டு முடிவதற்குள் திருநெல்வேலிச் சீமையை அடைந்தார். குதிரையோ குடையோ பரிவாரமோ இல்லாமல் தூசி படிந்த காலோடு ஒரு வெள்ளைக்காரர் வருவதைப் பார்த்த கிராமத்துச் சனங்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். துரை என்றால் குதிரை மேல் வருபவர் என்றுதான் அவர்களுக்குப் பழக்கம்.

இடையன்குடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது தேரிக்காடு. நம் பக்கத்துச் செம்மண் இல்லை, காற்றில் பறக்கும் சிவந்த மணல். வைகாசி ஆனி மாதங்களில் மேல்காற்று அடித்தால் மணல்மேடு இடம் மாறும். நெல் விளையாது. விளைவது பனை ஒன்றுதான். மக்கள் வாழ்வு பனையில் ஏறி இறங்குவதிலேயே கழிந்தது. காலையும் மாலையுமாக ஒருவர் முப்பது நாற்பது மரம் ஏறி, பதநீர் இறக்கி, வீட்டில் பெண்கள் அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவார்கள். மரமோ பெரும்பாலும் இன்னொருவருடையது. கால் தவறினால் குடும்பம் தெருவில். ஊரின் பெயருக்கு இடையர் குடியிருப்பு என்று பொருள். நம் பிரம்மதேசத்தின் பெயரில் பிரம்மதேயம், அதாவது அந்தணர்க்கு அரசர் கொடையாகத் தந்த ஊர் என்ற செய்தி ஒளிந்திருப்பதைப் போல, அந்த ஊர்ப் பெயரில் ஆடு மேய்த்தவர்களின் நினைவு இருக்கிறது. கிறிஸ்தவர்கள் குருவை மேய்ப்பர் என்று அழைப்பார்கள். பெயர்ப் பொருத்தம் கால்டுவெல்லுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

வந்தவுடன் அவர் செய்த வேலை பிரசங்கம் மட்டுமல்ல. ஊரையே மறுபடி வரைந்தார். நிலத்தை வாங்கி, கோடு பிடித்த மாதிரி நேரான தெருக்கள் போட்டு, வீடுகளுக்கு மனை பிரித்து, கிணறு தோண்டி, மரம் நட்டார். மனைப்பிரிவுக்கு அனுமதி, சாலைக்கு இத்தனை அடி என்று இன்று நாம் அலையும் விஷயங்களை 1840களில் ஒரு பாதிரியார் மணற்காட்டில் செய்திருக்கிறார். இன்றும் அந்தத் தெருக்களின் நேர்த்தி தெரியும்.

1844இல் எலைசா மால்ட்டைத் திருமணம் செய்துகொண்டார். இந்த அம்மையாரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். நாகர்கோவிலில் லண்டன் மிஷனில் ஊழியம் செய்த சார்லஸ் மால்ட், மார்த்தா தம்பதியின் மகள். நாஞ்சில் நாட்டில் வளர்ந்ததால் தமிழ் அவருக்குப் பேச்சு மொழி. கால்டுவெல்லின் தமிழ் புத்தகத் தமிழ். அவருடையதோ கிணற்றடித் தமிழ். வீட்டுப் பேச்சு, பெண்கள் பேச்சு, வட்டார வழக்கு எல்லாம் கணவருக்குக் கிடைத்தது மனைவி வழியாகத்தான் என்று சொல்வதில் தவறில்லை. தாய் மார்த்தா நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். மகள் அதே கலையை இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். பெண் பிள்ளைகளுக்கு விடுதியோடு பள்ளி நடத்தினார். பனை வருமானத்தை மட்டும் நம்பியிருந்த வீடுகளில், பெண் கையால் சம்பாதித்த காசு முதன்முதலாக வந்து சேர்ந்தது. வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து சுயஉதவிக் குழுப் பெண்கள் பாஸ்புக் நீட்டுவதைப் பார்த்தவன் என்ற முறையில், அந்தக் காசின் அருமை எனக்குத் தெரியும்.

இனி அவருடைய பேர்சொல்லும் வேலைக்கு வருகிறேன். 1854இல் உடல்நலம் குன்றி இங்கிலாந்து போனார். ஓய்வெடுக்கப் போனவர் ஓய்வெடுக்கவில்லை. பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்திருந்த குறிப்புகளை ஒழுங்குபடுத்தி 1856இல் லண்டனில் திராவிட அல்லது தென்னிந்திய மொழிக் குடும்பத்தின் ஒப்பிலக்கணம் என்ற பெரும் நூலை வெளியிட்டார். படித்த கிளாஸ்கோ பல்கலைக்கழகமே அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. பிறகு 1875இல் நூலை விரிவாக்கி இரண்டாம் பதிப்பும் கொண்டுவந்தார்.

அதில் அப்படி என்ன இருக்கிறது? அந்நாளில் கல்கத்தாவில் இருந்த பெரிய ஆங்கில அறிஞர்கள், இந்திய மொழிகள் எல்லாமே சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்றார்கள். தமிழிலும் தெலுங்கிலும் சமஸ்கிருதச் சொற்கள் நிறைய இருப்பதை அதற்குச் சான்றாகக் காட்டினார்கள். கால்டுவெல் கேட்ட கேள்வி வேறு. சொல்லைக் கடன் வாங்கலாம். வாக்கியத்தின் எலும்பைக் கடன் வாங்க முடியுமா?

எங்கள் கிளையில் நாள் முழுக்க செக், டிராப்ட், லெட்ஜர், லோன் என்றுதான் பேச்சு. ஆனால் செக்கை வாங்கி டிராயரில் வைத்துவிட்டு வந்தேன் என்று ஒருவர் சொன்னால், செக்கும் டிராயரும் ஆங்கிலம், வாக்கியம் தமிழ். ஐயும் இல்லும் வைத்துவிட்டு என்ற வினையும் எந்த நாட்டிலிருந்தும் இறக்குமதியானவை அல்ல. இதைத்தான் அவர் ஆயிரக்கணக்கான எடுத்துக்காட்டுகளோடு செய்து காட்டினார். வேற்றுமை உருபு, வினைமுற்று, எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், கண், காது, மூக்கு என்று உடம்போடு ஒட்டிய சொற்கள். இவை எளிதில் கைமாறாதவை. இவற்றில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு ஆகியவை ஒன்றுபோல இருக்கின்றன. சமஸ்கிருதத்தோடு சேரவில்லை.

நம் குடியிருப்பிலேயே சோதித்துப் பாருங்கள். எண்ணச் சொன்னால் தமிழ் வீட்டுக் குழந்தை இரண்டு, மூன்று, நான்கு என்கும். தெலுங்கு வீட்டுக் குழந்தை ரெண்டு, மூடு, நாலுகு என்கும். கன்னட வீட்டுக் குழந்தை எரடு, மூறு, நால்கு என்கும். மலையாளக் குழந்தை ரண்டு, மூந்நு, நாலு என்கும். இந்தி பேசும் குழந்தை தோ, தீன், சார் என்கும். சமஸ்கிருதத்தில் த்வி, த்ரி, சதுர். எது எதோடு சேர்கிறது என்று சொல்ல மொழியியல் பட்டம் வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு நாம், நாங்கள் என்ற வேறுபாடு. பராமரிப்புக் கட்டணத்தை நாங்கள் கட்டிவிட்டோம் என்று ஒருவர் பொதுக்குழுவில் சொன்னால், எதிரே இருப்பவர் கட்டவில்லை என்ற குத்தல் அதில் இருக்கிறது. நாம் கட்டவேண்டும் என்றால் கேட்பவரும் சேர்ந்துகொள்கிறார். தெலுங்கில் இதே வேலையை மேமு, மனமு செய்கின்றன. ஆங்கிலத்திலும் இந்தியிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அந்த மொழிகளில் சங்கக் கூட்டம் நடத்துவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. இந்த இரட்டை வழக்கைக் கால்டுவெல் தென்மொழிகளின் தனி அடையாளங்களில் ஒன்றாகக் குறித்தார். நேற்று வந்த பிளம்பர் என்று வினையைப் பெயருக்கு முன்னால் ஒட்டவைக்கும் வழக்கமும் அப்படித்தான்.

ஊர்களில் பேசப்படும் பெரிய மொழிகளோடு அவர் நிற்கவில்லை. நீலகிரித் தோடர், கோத்தர் பேச்சு, நடுஇந்தியக் கோண்டு, கோந்து, இன்னும் வடக்கே ஒராவோன், ராஜ்மகால் மலைக்காரர் பேச்சு என்று எழுத்தில்லாத மொழிகளையும் சேர்த்து மொத்தம் 12 மொழிகளைக் குடும்பமாகத் தொகுத்தார். இன்று அந்த எண்ணிக்கை இருபதைத் தாண்டிவிட்டது. குடும்பத்துக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று சமஸ்கிருத நூல்களில் பழமையாக வழங்கிவந்த திராவிட என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். ஒரு வேடிக்கை பாருங்கள், சமஸ்கிருதத்திலிருந்து பிறக்காத மொழிகள் என்று காட்டிய நூலுக்குப் பெயர் மட்டும் சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. இலக்கண நூலில் இருந்த அந்தச் சொல் பின்னால் மேடைக்கும் கட்சிக் கொடிக்கும் போனது இருபதாம் நூற்றாண்டின் கதை. நம் வாட்ஸ்அப் குழுவில் அரசியல் கூடாது என்று விதி இருப்பதால் இதழிலும் அதைக் கடைப்பிடிக்கிறேன்.

ஆனால் ஒரு பாக்கியை நேர்செய்தாக வேண்டும். தென்மொழிகள் தனிக் குடும்பம் என்று முதலில் எழுதியவர் கால்டுவெல் அல்ல. சென்னைக் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ், 1816இலேயே, காம்ப்பெல் என்பவரின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய முன்னுரையில் இதைச் சான்றோடு சொல்லிவிட்டார். அப்போது கால்டுவெல் இரண்டு வயதுக் குழந்தை. எல்லிஸ் 1819இல் இராமநாதபுரத்தில் அகால மரணமடைந்தார், அவர் காகிதங்கள் பெரும்பாலும் அழிந்துபோயின. கால்டுவெல் எல்லிஸின் பெயரைக் குறிப்பிடாமல் விடவில்லை. ஆனாலும் கொடுத்திருக்க வேண்டிய அளவு இடம் கொடுக்கவில்லை என்பது என் கருத்து. கணக்கைத் தொடங்கியவர் எல்லிஸ். அதை நாற்பது ஆண்டு கழித்துத் தூசி தட்டி, பெரும் தொகையாக வளர்த்தவர் கால்டுவெல். பாஸ்புக்கில் இரண்டு பெயரும் இருக்கவேண்டும்.

அவர் சொன்னதெல்லாம் நிலைக்கவும் இல்லை. தென்மொழிகளை மத்திய ஆசியாவின் சித்திய மொழிகளோடு உறவுபடுத்த முயன்றார். அதை இன்று அறிஞர்கள் ஏற்பதில்லை. தமிழ் இலக்கியத்தின் காலத்தையும் மிகப் பிந்தையதாகக் கணித்துவிட்டார். அதற்கு அவரை முழுக்கக் குறை சொல்ல முடியாது. சி.வை.தாமோதரம் பிள்ளை கலித்தொகையை அச்சிட்டது 1887, உ.வே.சா. பத்துப்பாட்டைக் கொண்டுவந்தது 1889, புறநானூறு 1894. சங்க நூல்கள் ஓலையில் உறங்கிக்கொண்டிருந்தபோது எழுதப்பட்ட கணிப்பு அது.

இவற்றைவிடக் கனமான குறை ஒன்று உண்டு. ஒப்பிலக்கணத்துக்கு முன்பே, 1849இல், இன்று நாடார் என்று அறியப்படும் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் மிஷன் பணிக்கு ஆதரவு திரட்ட உதவிய எழுத்து அது. பனையேறும் மக்களின் உழைப்பை, வாழ்க்கையை நுணுக்கமாக எழுதியவர், அவர்களின் அறிவையும் பண்பையும் மிகத் தாழ்வாக எடைபோட்டு எழுதினார். அவர்கள் இலங்கையிலிருந்து குடியேறியவர்கள் என்றும் எழுதினார். எழுதும்போது படிக்கப்போகிறவர்கள் கடலுக்கு அப்பால் இருக்கும் வெள்ளைக்காரர்கள் என்ற நினைப்பு. ஆனால் அவரே திறந்த பள்ளிக்கூடங்களில் படித்த பிள்ளைகள் வளர்ந்து ஆங்கிலம் கற்று அதே நூலைக் கையில் எடுத்தார்கள். கொதித்தார்கள். கொதிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம் அவர்களில் முக்கியமானவர். எஸ்.பி.ஜி. மிஷனிலேயே பணிசெய்தவர், தமிழும் சமஸ்கிருதமும் தெரிந்தவர், வெள்ளைக்காரப் பாதிரிமாரின் போக்கோடு மோதி வெளியேறினார். 1857ஐ ஒட்டி, ஐரோப்பியர் தலையீடே இல்லாத இந்து கிறிஸ்தவ சபை என்ற தனிச் சபையைத் தொடங்கினார். கால்டுவெல்லின் நூலை மறுத்து எழுதினார். எதிர்ப்பு ஓயாமல் வளர்ந்து, விண்ணப்பங்களாக அரசு வரை போனது. கடைசியில் கால்டுவெல் அந்த நூலைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டார்.

அவர் மணற்காட்டில் உயிரைக் கொடுத்து உழைத்தது அந்த மக்களுக்காகத்தான். அதில் ஐயமில்லை. அந்த உழைப்பைக் காட்டி இந்த எழுத்தை மறைக்கக் கூடாது, இந்த எழுத்தைக் காட்டி அந்த உழைப்பை அழிக்கவும் கூடாது. பேரேட்டில் வரவும் பற்றும் தனித்தனிப் பக்கங்களில்தான் எழுதப்படும். விழா மேடைகளில் இந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை என்பது மட்டும் எனக்கு உறுத்தல். கற்றுக்கொடுத்தவரைக் கேள்வி கேட்கும் அளவுக்கு அவருடைய மாணவர் தலைமுறை தேறிவிட்டது என்பதை, அவர் பள்ளிகளுக்குக் கிடைத்த மிகப் பெரிய நற்சான்றாக நான் பார்க்கிறேன். அவர் அப்படிப் பார்த்திருப்பாரா என்பது வேறு விஷயம்.

கோவில் கட்டிய கதையைப் பிறகு சொல்வதாகச் சொன்னேன். இடையன்குடி தூய திரித்துவ ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1847. பிரதிஷ்டை நடந்தது 1880 ஜூலை மாதம். 33 ஆண்டுகள்! நம் குடியிருப்பின் சாவியை ஒப்படைக்க மூன்று ஆண்டு தாமதமானதற்கு நாம் போட்ட கூச்சலை நினைத்துக்கொண்டேன். பணம் வரவரத்தான் வேலை. பணமில்லாத ஆண்டுகளில் சுவர் அப்படியே நிற்கும். ஐரோப்பியக் கோதிக் பாணியில் கூரிய வளைவுகளோடு ஜன்னல்கள் அமைக்கவேண்டும். அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்திராத உள்ளூர்க் கொத்தர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? ஓவியம் படித்த கை அங்கே வேலைசெய்தது. அவரே வரைந்தும் களிமண்ணில் மாதிரி செய்தும் காட்டினார் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அடிக்கல் நாட்டியபோது 33 வயது, திறப்புவிழா கண்டபோது 66.

இதற்கிடையே வேறு வேலைகளும் நடந்தன. ஹென்றி பவர் தலைமையில் விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்தும் குழுவில் 1858 முதல் 1869 வரை உழைத்தார். கொற்கையில் நிலத்தைத் தோண்டிப் பார்த்தார். சங்க காலப் பாண்டியரின் முத்துத் துறைமுகம், அவர் பார்த்தபோது கடலிலிருந்து சில மைல் உள்ளே தள்ளிக்கிடந்த ஒரு கிராமம். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது என்று விளக்கினார். கிரேக்கர் குறிப்புகளையும் ஊர்க்காரர் வாய்மொழியையும் மண்ணுக்குள் கிடைத்த தாழிகளையும் சேர்த்துவைத்துப் பார்த்தார். இந்த ஆராய்ச்சி எல்லாம் சேர்ந்து 1881இல் திருநெல்வேலி மாவட்ட வரலாறாக வெளிவந்தது. அரசாங்கமே அதை அச்சிட்டது. பாளையக்காரர் போர்கள், கட்டபொம்மன், ஊமைத்துரை பற்றி ஆராய்கிறவர்கள் இன்றும் அதைப் புரட்டாமல் இருப்பதில்லை. ஆங்கிலேய அதிகாரிகளின் ஆவணங்களை வைத்து எழுதப்பட்டது என்பதை மட்டும் மனதில் வைத்துப் படிக்கவேண்டும்.

1876இல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்போம். தென்னாடெங்கும் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். கால்டுவெல் நிதி திரட்டிக் கஞ்சித்தொட்டி வைத்தார். அந்தச் சமயத்தில் நெல்லைச் சீமையில் ஆயிரமாயிரமாக மக்கள் கிறிஸ்தவத்தில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காகச் சேர்ந்தார்கள் என்ற பேச்சு அன்றே எழுந்தது. பசித்த நேரத்தில் யார் கஞ்சி ஊற்றினார்களோ அவர்கள் பக்கம் மனம் சாய்வது இயற்கை என்று ஒரு தரப்பு சொல்லும், பசியைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று மறுதரப்பு சொல்லும். பஞ்சம் தீர்ந்த பிறகு திரும்பிப் போனவர்களும் உண்டு, நிலைத்தவர்களும் உண்டு.

பஞ்சத்தின் நடுவில்தான் அவருக்குப் பதவி உயர்வு. 1877 மார்ச் 11 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். சர்ச் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்ஜென்ட் ஐயரும் அதே நாளில் பேராயரானார். இருவரும் சென்னைப் பேராயருக்குத் துணையாக, திருநெல்வேலி மிஷன்களைக் கவனிக்கவேண்டும் என்று ஏற்பாடு. பதவி வந்தபோது வயது 62. எங்கள் கணக்கில் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியிருக்கும். பேராயரான பிறகும் ஆறு ஆண்டு இடையன்குடியிலேயே இருந்தார். 1883இல்தான் தூத்துக்குடிக்கு இடம் மாறினார். ஒரே கிளையில் 41 வருஷம்! அங்கே போப் தொடங்கிய சாயர்புரம் கல்வி நிலையத்தின் கல்லூரிப் பிரிவைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து நடத்தினார். கல்லூரி நீடிக்கவில்லை. கால்டுவெல் பெயரில் பள்ளி அந்த ஊரில் இன்றும் இருக்கிறது.

1891 ஜனவரி மாதம் பொறுப்பிலிருந்து விலகினார். ஊர் திரும்பி ஸ்காட்லாந்தில் கடைசிக் காலத்தைக் கழிக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வரவில்லை. உடல்நிலைக்காகக் கொடைக்கானல் போனார். அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று அங்கேயே காலமானார். வயது 77. அதில் 53 ஆண்டுகள் தமிழ்நாட்டில். உடலை மலையிலிருந்து இறக்கி நெல்லைச் சீமைக்குக் கொண்டுவந்து, 33 ஆண்டு கட்டிய அதே கோவிலில், பலிபீடத்தின் கீழ் அடக்கம் செய்தார்கள். எலைசா அம்மையார் 1899இல் மறைந்தார். அவரையும் அங்கேயே அடக்கம் செய்திருக்கிறார்கள்.

அவர் நினைவுக் குறிப்புகளை மருமகன் வையட் 1894இல் தொகுத்து வெளியிட்டார். ஒப்பிலக்கணத்தின் மூன்றாம் பதிப்பு 1913இல் வந்தது. அதில் பழைய பகுதிகள் சில விடுபட்டிருப்பதாக அறிஞர்கள் குறைப்படுகிறார்கள். தமிழில் ரா.பி.சேதுப்பிள்ளை எழுதிய கால்டுவெல் ஐயர் சரிதம் இருக்கிறது. சொல்லின் செல்வரின் நடைக்காகவே படிக்கலாம். ஐயர் என்றதும் குழம்பவேண்டாம், அந்நாளில் மதிப்புக்குரிய குருமாரை அப்படித்தான் அழைத்தார்கள், போப் ஐயர் என்பதைப் போல.

மெரினாவில் சிலை வைத்தது 1968 ஜனவரியில், அண்ணா முதல்வராக இருந்தபோது நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி. 2010 மே 7 அன்று மத்திய அரசு தபால்தலை வெளியிட்டது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு நினைவில்லமாக ஆக்கி 2011இல் திறந்தது.

விடுமுறையில் திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரிக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் உவரியைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கிருந்து திசையன்விளைப் பக்கம் திரும்பினால் இடையன்குடி கிட்டத்தில்தான். கோவிலையும் வீட்டையும் நேரான தெருக்களையும் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். வரும் வழியில் திசையன்விளையில் நல்ல கருப்பட்டி கிடைக்கும்.